எந்தப் பிராஞ்ச், எத்தனை இரவு

முதுநிலை மருத்துவக் கவுன்சலிங் தொடங்கினால் எந்தெந்த இடங்கள் முதலில் தீரும் என்பது மருத்துவ மாணவர்களுக்கு மனப்பாடம். ரேடியாலஜி, பொது மருத்துவம், தோல் மருத்துவம் ஆகியவை முன்வரிசை ரேங்க்காரர்களோடு போய்விடும். அனாடமி, பிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி போன்றவை கடைசிச் சுற்றுவரை ஆள் தேடிக் காத்திருக்கும். 2023 செப்டம்பரில் நீட் பி.ஜி. தகுதியைப் பூஜ்ஜியம் பெர்சன்டைலுக்கு இறக்கும் நிலை வந்ததே இப்படித் தேங்கிய இடங்களை நிரப்பத்தான். ரேடியாலஜிக்கும் தோல் மருத்துவத்துக்கும் ஏன் இத்தனை போட்டி என்று கேட்டால், ராத்திரி போன் வராது என்பதே பொதுவான பதில். அந்தப் பதில் முழு உண்மையாக இருந்தால் அடிதடி அனாடமிக்குத்தான் நடக்க வேண்டும். காலை ஒன்பதுக்குப் போய் மாலை நாலுக்குத் திரும்பும் வேலை அது. ஆக, மாணவர் தேடுவது வெறும் ஓய்வை அல்ல. நோயாளியிடம் மரியாதை, கைநிறைய வருமானம், அவற்றோடு நிம்மதியான தூக்கம் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்குமா என்று தேடுகிறார். அந்தத் தேடலில் குறை காண எதுவுமில்லை. ஆனால் அதற்கான விடை பிராஞ்சின் பெயரிலேயே இருக்கிறது என்ற நம்பிக்கை தவறு. ஒரு மருத்துவரின் வீட்டு வாழ்க்கை எப்படி அமையும் என்பதை அவர் எடுத்த பிராஞ்சைவிட, அவருடைய இரவை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க வேலூரிலிருந்து ஏலகிரி அடிவாரம் வரையிலான தோல் தொழில் வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. ஒரு முனையில் வேலூர் சி.எம்.சி.; அதன் அருகே 2005-இல் தொடங்கிய அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி. நடுவில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் நிறைந்த ஊர்கள். அவற்றின் கடைத்தெருக்களில் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் சிறிய நர்சிங் ஹோம்கள். மறுமுனையில், வேலூரிலிருந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தள்ளி, பொன்னேரியிலிருந்து 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போனால் ஏலகிரி. 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது இந்த மலை திருப்பத்தூர் மாவட்டத்தோடு போனது. அந்த மாவட்டத்தில் இதுவரை அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. நூறு கிலோமீட்டருக்குள் உலகத் தரமான மருத்துவமனையும், சிக்கலான பிரசவமென்றால் மலையிறங்கியே ஆக வேண்டிய ஊரும் இருக்கின்றன.

மகப்பேறு மருத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். வீட்டு வாழ்க்கையைத் தின்றுவிடும் பிராஞ்ச் என்று மாணவர்கள் அஞ்சி ஒதுங்குவது அது. சி.எம்.சி.யில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் நடக்கின்றன. ஆனால் துறை யூனிட்களாகப் பிரிந்திருப்பதால் இன்றைய இரவு இந்த யூனிட்டுக்கு, நாளைய இரவு அடுத்த யூனிட்டுக்கு என்று முறை வருகிறது. ட்யூட்டி இரவு கொடுமையாக இருக்கலாம். ட்யூட்டி இல்லாத இரவு அவருடையது. அதே பட்டம் பெற்றவர் வாணியம்பாடியில் சொந்தமாகப் பத்துப் படுக்கை நர்சிங் ஹோம் வைத்தால் மாதத்துக்கு முப்பது பிரசவம்தான் பார்ப்பார். ஆனால் மாதத்தின் முப்பது இரவும் அவர் தலையில். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதும் வலி எடுத்தவளின் கர்ப்பவாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று நர்ஸ் போனில் சொல்லிக்கொண்டிருப்பார். வேலையின் அளவு குறைவு, வேலை பிடித்துவைக்கும் நேரம் அதிகம். பிராஞ்ச் ஒன்றே, அதில் இரண்டு வாழ்க்கைகள். இதற்கு விலையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. சி.எம்.சி. மருத்துவர்கள் வெளியே தனி பிராக்டீஸ் செய்ய முடியாது. சம்பளமும் கார்ப்பரேட் மருத்துவமனைகளின் அளவுக்கு வராது. பகிர்ந்த இரவுக்காக அவர்கள் விட்டுக்கொடுப்பது வருமானத்தில் ஒரு பங்கு.

மயக்க மருந்துத் துறை இன்னும் தெளிவான சாட்சி. ரேடியாலஜி, ஆப்தல்மாலஜி, அனஸ்தீசியா, டெர்மடாலஜி ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘ரோட்’ என்பார்கள் அமெரிக்க மாணவர்கள். நிம்மதிக்குப் போகும் சாலையாம். அங்கே மயக்க மருந்து மருத்துவர் ஒரு குழுவில் சேர்ந்து முறைவைத்து வேலை செய்கிறார். நம் சிற்றூர்களிலோ அவர் எந்த மருத்துவமனையிலும் நிரந்தரமாக இல்லாத, கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் ஓடும் ஆள். ஆம்பூரில் ஒரு சிசேரியன், முடிந்ததும் வாணியம்பாடியில் குடல்வால், அங்கே நோயாளி கண் விழிப்பதற்குள் நாட்றம்பள்ளியிலிருந்து அடுத்த அழைப்பு. ‘வர முடியாது’ என்று இரண்டு முறை சொன்னால் மூன்றாம் முறை வேறொருவரைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம் அவரைத் தேசிய நெடுஞ்சாலையிலேயே வைத்திருக்கிறது. அமெரிக்கப் பட்டியலை அப்படியே வாங்கிவந்து இங்கே பிராஞ்ச் தேர்ந்தெடுப்பவர், மொழிபெயர்ப்பில் விடுபட்டுப்போன அந்தக் குழுவைக் கவனிப்பதில்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2003-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான ஜாமாவில் டோர்ஸி குழுவினர் வெளியிட்ட ஆய்வு, 1996 முதல் 2002 வரையிலான ஆண்டுகளில் மாணவர்களின் பிராஞ்ச் விருப்பம் மாறியதை அலசியது. வருமானம், வேலை நேரம், பயிற்சி ஆண்டுகள் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும், அந்த மாற்றத்தில் 55 சதவீதத்தை விளக்கியது ஒரே காரணி: நேரம் தன் கட்டுப்பாட்டில் இருக்குமா என்ற எண்ணம். சோம்பேறித்தனத்தின் வளர்ச்சி என்று மூத்தவர்கள் சிலர் இதை ஏளனம் செய்வார்கள். ஆனால் ஆசை ஒருபுறம், கிடைத்தது மறுபுறம். ஷானஃபெல்ட் குழுவினர் அமெரிக்க மருத்துவர்களிடம் தொடர்ந்து நடத்திவரும் கணக்கெடுப்புகளில் பர்ன்அவுட், அதாவது வேலையில் உள்ளுக்குள் கருகிப்போகும் நிலை, மிக அதிகமாகத் தெரிந்த பிரிவுகளில் ஒன்று அவசர சிகிச்சை. அங்கே ஷிப்ட் முடிந்தால் முடிந்ததுதான்; போன் துரத்தாது. மணிக்கணக்கு கச்சிதமாக இருந்தும் மனம் தேய்கிறது. அதேபோல, தோல் மருத்துவத்தில் 2011-இல் சுமார் 32 சதவீதமாக இருந்த பர்ன்அவுட் 2014-இல் 56 சதவீதத்தைத் தாண்டியது. மூன்றே ஆண்டுகளில் தோல் நோய்களின் இயல்பு மாறிவிடவில்லை. மாறியது வேலை நடக்கும் விதம்: கணினியில் நிரப்ப வேண்டிய படிவங்கள், காப்பீட்டு நிறுவனங்களின் நெருக்கடி, ஒரு மணி நேரத்தில் பார்க்க வேண்டிய தலைகளின் எண்ணிக்கை. பிராஞ்சுக்கு நிலையான குணம் உண்டென்றால் இப்படி ஏறி இறங்காது.

இன்னொரு தகவல் தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. 2002-இல் வெளியான லீ குழுவினரின் ஆய்வில், அமெரிக்க மருத்துவர்களில் தொழில் திருப்தி அதிகம் கொண்டவர்களில் முதியோர் மருத்துவர்கள் இருந்தார்கள். பணம் குறைவு, பகட்டு இல்லை, இருந்தும் திருப்தி. முதியோருக்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவை 1978-லேயே மருத்துவர் வ.செ. நடராஜன் மூலம் தொடங்கியது சென்னை மருத்துவக் கல்லூரி. 1996-இல் முதியோர் மருத்துவத்தில் எம்.டி. படிப்பும் அங்கே வந்தது. வழிகாட்டியாக இருந்த ஊர் நம்முடையது. ஆனால் கவுன்சலிங்கில் அந்த எம்.டி.யை முதல் விருப்பமாகப் போடுபவர் எத்தனை பேர்?

பிராஞ்சைத் தேர்ந்தெடுத்தவுடன் நிம்மதி வந்துவிடாது, முதலில் மூன்றாண்டுப் பயிற்சியைக் கடக்க வேண்டும் என்பதும் இந்தக் கணக்கில் அடங்கும். ரெசிடென்ட் மருத்துவர்கள் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் ட்யூட்டி பார்க்கக் கூடாது, வாரத்துக்கு 48 மணி நேரம் என்ற வழிகாட்டுதலை மத்திய சுகாதார அமைச்சகம் 1992 ஜூனிலேயே அனுப்பிவிட்டது. முப்பதாண்டு கழித்து, 2023 டிசம்பரில், தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளில் எழுதியது ‘நியாயமான வேலை நேரம்’ என்ற சொல்லை. எண் போய் உரிச்சொல் வந்தது! மறு ஆண்டு அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு, வாரத்துக்கு 74 மணி நேரத்தை மிஞ்சக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் இணையவழிக் கணக்கெடுப்பில் பங்கேற்ற ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முதுநிலை மாணவர்களில் ஏறக்குறைய 31 சதவீதத்தினர் தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொல்லியிருந்தார்கள். 74 மணி நேரம் என்பதே சலுகையாகத் தோன்றுகிற இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதுதான் இதில் அதிர்ச்சி. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கூட்டாகச் சொல்லியிருக்கின்றன. நோயாளிக்கு அந்த அறிவுரையைச் சொல்பவரே அதைத் தாண்டித்தான் உழைக்கிறார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். என்ன சொன்னாலும் ரேடியாலஜிஸ்டும் மகப்பேறு மருத்துவரும் ஒன்றா? முன்னவர் இரவு தூங்குகிறார், பின்னவர் தூங்குவதில்லை. இது கண்ணால் பார்க்கும் உண்மை இல்லையா? உண்மைதான். பிராஞ்சுகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று வாதிட்டால் அது வீம்பு. குழந்தை பிறக்கும் நேரத்தை நாம் குறிக்க முடியாது. முகப்பரு வரும் நேரத்தைப் பற்றி யாருக்கும் அவசரமில்லை. ஆனால் அந்த வேறுபாட்டுக்கு எவ்வளவு கொடுத்து வாங்குகிறோம் என்று பார்க்க வேண்டும். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் ரேடியாலஜிக்கோ தோல் மருத்துவத்துக்கோ மூன்றாண்டுக் கட்டணம் கோடியைத் தொடுகிறது. அதைக் கடன் வாங்கிக் கட்டியவர் பட்டம் பெற்றபின் காலை ஒரு ஸ்கேன் சென்டர், மாலை இன்னொன்று, ராத்திரி வீட்டிலிருந்தபடியே டெலிரேடியாலஜி என்று ஓடித்தான் தீர வேண்டும். கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் நிரப்பும் ‘எஃப்’ படிவத்தில் ஒரு கட்டம் விடுபட்டாலும் வழக்கு வரலாம் என்ற கலக்கம் வேறு. இரவு நிம்மதிக்கென எடுத்த பிராஞ்சின் கடனே இரவை எடுத்துக்கொள்வது எந்தக் கணக்கில் லாபம்? அரசுப் பணியிலும் இதே கதை வேறு உருவில் நடக்கிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவர் பணி நேரம் போக வெளியே பிராக்டீஸ் செய்யலாம். பகலில் மருத்துவமனை, மாலை ஆறிலிருந்து பத்துவரை சொந்த கிளினிக் என்று வாழ்பவரின் வீட்டு நேரத்தைப் பறித்தது பிராஞ்ச் என்று சொல்ல முடியாது. அவரே கொடுத்ததும் அதில் உண்டு.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. மருத்துவம் சேவை, வாழ்க்கைச் சமநிலை பேசுகிறவர் வேறு வேலை பார்க்கட்டும் என்பது. இந்த வட்டாரத்தில் அப்படிச் சொல்பவர்கள் வழக்கமாகச் சுட்டும் பெயர் ஐடா ஸ்கடர். ராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர். ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு மருத்துவம் படிக்கப் போனவர். 1900-இல் ஒற்றைப் படுக்கையோடு வேலூரில் சி.எம்.சி.யைத் தொடங்கியவர். தியாகத்தின் உருவமாக அவரைக் காட்டுவதில் தவறில்லை. ஆனால் அவர் செய்ததை முழுதாகப் பார்க்க வேண்டும். மூன்று பெண்கள் இறந்த இரவுக்கு அவர் கண்ட பதில், வாழ்நாள் முழுவதும் தான் ஒருத்தியே கண்விழிப்பது என்பதாக இருக்கவில்லை. 1909-இல் செவிலியர் பள்ளி, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி என்று இரவைப் பங்கிடும் கைகளை உண்டாக்கிக்கொண்டே போனார். குடியாத்தம் சாலையில் அவர் நடத்திய சாலையோர மருத்துவ முகாம்கள்கூட நாள் குறித்து, இடம் குறித்து, ஆட்களோடு போனவை. டென்னிஸ் ஆடினார், கொடைக்கானலில் தமக்கென வீடு வைத்துக்கொண்டார், ஓய்வுபெற்ற பின் அங்கேயே வாழ்ந்து தொண்ணூறை நெருங்கும்போது மறைந்தார். ஓய்வைப் பாவமாக நினைத்த பெண்மணியின் வாழ்க்கை இப்படி இருக்காது.

மூன்றாவது மறுப்பை அறுவை சிகிச்சை நிபுணர்கள் எழுப்புகிறார்கள். ஷிப்ட் முறை வந்தால் நோயாளி கைமாறிக்கொண்டே இருப்பார். வயிற்றைத் திறந்தவர் ஒருவர், இரவு காய்ச்சலைப் பார்ப்பவர் வேறொருவர் என்றால் ஆபத்து இல்லையா? இதற்கு ஆதாரம் இரு பக்கமும் உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டவர்களைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடும் பிழைகள் செய்தார்கள் என்று 2004-இல் லேண்ட்ரிகன் குழுவினர் காட்டினார்கள். ஆனால் 2016-இல் அமெரிக்காவின் 117 அறுவை சிகிச்சைப் பயிற்சித் திட்டங்களில் நடந்த பெரிய சோதனையில், நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதால் நோயாளிகளுக்குக் கேடு கூடவில்லை. மணி நேரத்தை வெட்டுவது மட்டுமே மந்திரம் அல்ல என்பது இதிலிருந்து புரிகிறது. கைமாற்றும் முறையைச் செம்மைப்படுத்தியபோது என்ன நடந்தது என்பதே இங்கே எடைபோட வேண்டியது. நோயாளியை ஒப்படைக்கும்போது என்ன சொல்ல வேண்டும், எந்த வரிசையில் சொல்ல வேண்டும், கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும் என்று ஒழுங்கு வகுத்த ‘ஐ-பாஸ்’ திட்டம், ஒன்பது மருத்துவமனைகளில் மருத்துவப் பிழைகளை 23 சதவீதம் குறைத்ததாக 2014-இல் முடிவு வெளியானது. பகிர்வது ஆபத்தில்லை, அவசரமாக, வாசலில் நின்றபடி, ‘எல்லாம் ஓகே’ என்று சொல்லிவிட்டுப் போவதுதான் ஆபத்து.

பெண் மருத்துவர்களுக்கு இந்தக் கேள்வி வேறு எடையில் வருகிறது. ‘பொம்பளைப் பிள்ளைக்கு ஏன் சர்ஜரி, தோல் எடு, கண் எடு’ என்று வீட்டில் சொல்லும் அறிவுரை அக்கறைபோல ஒலிக்கும். அதன் அடியில் இருக்கும் அனுமானம், வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் எப்படியும் அவள் தலையில்தான் என்பது. அதே சமூகம் தன் மருமகளின் பிரசவத்துக்குப் பெண் மருத்துவரைத்தான் தேடும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பெண் மருத்துவரிடம் மட்டுமே காட்டுவோம் என்னும் குடும்பங்கள் ஏராளம். விளைவு, ஊரில் இருக்கும் இரண்டு மூன்று பெண் மகப்பேறு மருத்துவர்கள்மேல் எல்லா இரவும் விழுகிறது. அதைப் பார்த்து அடுத்த தலைமுறைப் பெண் அந்தப் பிராஞ்சைத் தவிர்க்கிறாள். இருப்பவர்மேல் சுமை இன்னும் கூடுகிறது. ஒரே தெருவில் போட்டி போடும் மூன்று பேர் ஒரே கட்டடத்தில் கூட்டாக நர்சிங் ஹோம் நடத்தினால் மூவருக்கும் மாதத்தில் இருபது இரவு மிச்சம். இதைத் தடுப்பது மருத்துவ அறிவியல் எதுவும் இல்லை. ‘என் பேஷன்ட்’ என்ற உடைமை உணர்வும், எனக்கு அந்த டாக்டரம்மாதான் வேண்டும் என்கிற நோயாளியின் பிடிவாதமும்தான் தடுக்கின்றன.

தோல் வட்டாரத்துக்கே உரிய ஒரு வாய்ப்பையும் மாணவர்கள் கண்டுகொள்வதில்லை. தொழில்சார் மருத்துவம் என்றொரு துறை இருக்கிறது. எம்.பி.பி.எஸ். முடித்தவர் மூன்று மாதம் படித்து ஏ.எஃப்.ஐ.எச். சான்றிதழ் பெற்றுத் தொழிற்சாலை மருத்துவராகலாம். பகல் வேலை, ஞாயிறு விடுமுறை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, கண்டால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய்களாகக் குரோமியப் புண்ணையும் ஆந்த்ராக்ஸையும் பட்டியலிட்டது. இரண்டுமே தோல் தொழிலோடு உறவுள்ளவை. குரோமியப் புண் விரல் முட்டியிலோ நகத்தை ஒட்டியோ வரும். விளிம்பு தடித்து, நடுவில் ஆணி குத்தியதுபோல் ஆழமாக இருக்கும். ஆனால் அதிகம் வலிக்காது. வலிக்காததால் தொழிலாளி அதற்காக ஒரு நாள் கூலியை விட்டு மருத்துவரிடம் போக மாட்டார். கையை விரித்துப் பார்க்கும் வழக்கமுள்ள மருத்துவர் ஒருவர் அங்கேயே இருந்தால்தான் கண்ணில் படும். விடியற்காலையில் கம்பெனி பஸ் பிடித்து ஷூ கம்பெனிக்கு வரும் பெண்களின் கழுத்துவலி, பசை வாடையில் வரும் தலைவலி, ஒவ்வாமையில் வெடிக்கும் உள்ளங்கை எல்லாமே இந்தத் துறையின் பாடங்கள். 2012-இல் வெளியான ஷானஃபெல்ட் ஆய்வில் பர்ன்அவுட் மிகக் குறைவாக இருந்த பிரிவுகளில் நோய்த்தடுப்பு மற்றும் தொழில்சார் மருத்துவமும் ஒன்று. வீட்டு நேரமும் கிடைத்து, ஊருக்கும் தேவைப்படுகிற வேலை இங்கே ஆளின்றிக் கிடக்கிறது. ‘கம்பெனி டாக்டர்’ என்றால் கல்யாணச் சந்தையில் மதிப்பில்லை என்பதைத் தவிர வேறு பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. சி.எம்.சி. 1977 முதல் கே.வி.குப்பம் வட்டாரத்தில் நடத்திவரும் ரூசா போன்ற சமூக மருத்துவப் பணிகளுக்கும் இதே கதிதான்: பாராட்டுபவர்கள் பலர், சேருபவர்கள் சிலர்.

இரவை ஒழுங்குபடுத்த முடியும் என்பதை மாநில அரசே நிரூபித்திருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களை முறைவைத்து அமர்த்தி, 24 மணி நேரப் பிரசவம் பார்க்க வைத்தது தமிழ்நாடு. ஒரு மருத்துவரால் ஏழு நாளும் விழித்திருக்க முடியாது என்ற எளிய உண்மையை ஏற்றுக்கொண்டதால் வந்த ஏற்பாடு அது. சிக்கலான பிரசவங்களுக்கு ‘சீமாங்’ மையங்களில் மகப்பேறு, மயக்க மருந்து, குழந்தை மருத்துவர்களை ஒரே இடத்தில் சேர்த்தார்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனைகளில் நடந்ததாகத் தெரிகிறது. சாதனை பெரிது. ஆனால் சீமாங் பலகை மாட்டிய எல்லா இடத்திலும் முறைவைத்துக்கொள்ளும் அளவுக்கு நிபுணர்கள் இருந்தால்தான் அது மருத்துவர்களுக்கும் வாழ்வு தரும். ஒரு துறைக்கு ஒருவர் என்று நியமித்துவிட்டு 24 மணி நேர சேவை என்று அறிவித்தால், அந்த ஒருவர் இடமாறுதலுக்கு மனுப் போடும் நாள் நெருங்கிக்கொண்டே இருக்கும்.

ஆகவே பி.ஜி. இடம் தேடும் மாணவர் ‘எந்தப் பிராஞ்ச் ஈசி?’ என்று சீனியரிடம் கேட்பதை விட்டு, வேறு சிலவற்றைக் கேட்கலாம். அந்தத் துறையில் ஆசிரியர்கள் எத்தனை பேர், ரெசிடென்ட்கள் எத்தனை பேர், எத்தனை நாளுக்கு ஒரு நைட் ட்யூட்டி வருகிறது, நைட் முடிந்த மறுநாள் காலை வீட்டுக்கு அனுப்புகிறார்களா, பிரசவ விடுப்பில் ஒருவர் போனால் அவர் வேலையை யார் பார்க்கிறார்கள். படிப்பு முடிந்து ஊர் திரும்பும்போதும் அதே கேள்விகள்தான்: தனியாகப் பலகை மாட்டப்போகிறோமா, கூட்டாளி தேடப்போகிறோமா. திருப்பத்தூர் மாவட்டத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி என்றாவது வந்தால், அதை வரவேற்று ஏலகிரி வளைவுகளில் பேனர் கட்டுபவர்கள் படுக்கை எண்ணிக்கையையும் எம்.பி.பி.எஸ். இடங்களையும்தான் பெரிதாக அச்சிடுவார்கள். மகப்பேறுக்கும் மயக்க மருந்துக்கும் அரசாணையில் எத்தனை பணியிடம் ஒதுக்கியிருக்கிறார்கள், அவற்றில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று யாராவது கேட்டால், மலையிலிருந்து நள்ளிரவில் இறங்கும் ஆம்புலன்ஸை எதிர்கொள்ளப் போவது விழித்திருக்கும் மருத்துவரா, மூன்றாம் நாளாகத் தூங்காத மருத்துவரா என்பது அப்போதே தெரிந்துவிடும்.